அளக்கும் கையும் அளக்கப்படும் உயிரும்

உலகத்துப் பொருள்களை உள்ளவாறே காண முயல்வது விஞ்ஞானம். காண்பவன் தன் விருப்பு வெறுப்புகளை ஒதுக்கிவைத்து நோக்கவேண்டும் என்பது அதன் முதல் விதி. ஆயின் காட்டுயிர்களை ஆராய்வோனுக்கு மற்றுமோர் இடர் உண்டு. அவனுடைய கண் மட்டுமன்றிக் கையும் ஆராய்ச்சியினுட் புகுகின்றது. உயிரைப் பிடிக்கின்றான், நிறுக்கின்றான், அடையாளம் பூட்டி விடுகின்றான். அக்கையினால் உயிருக்கு நேரும் தீங்கு இரக்கமுடையார் மட்டும் கவலைப்படவேண்டிய விடயம் என்று கருதுவார் பலர். அத்தீங்கு ஆராய்ச்சியின் மெய்ம்மையையும் கெடுக்கும் என்பதே ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது.

பறவைகளுக்கு இலக்கமிட்ட வளையம் பூட்டி அவற்றின் போக்குவரவை அறியும் முறையை ஒழுங்குபட நிலைநாட்டியவர், டென்மார்க்கு நாட்டின் வீபோர் நகரத்துப் பாடசாலை ஆசிரியராகிய மோர்ட்டென்சன் என்பவர். 1890 ஆம் ஆண்டில் அவர் மைனாவின் குலத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்குத் துத்தநாக வளையங்களை இட்டுப் பார்த்தார். அவை பாரமாயிருத்தலைக் கண்டு கைவிட்டார். 1899 இல் இலேசான அலுமினிய வளையங்களைக் கொண்டு மீண்டும் தொடங்கினார். பறவைகள் எந்நாட்டினின்று எந்நாட்டுக்குச் செல்கின்றன, எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்பன பற்றி நாம் இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி அவ்வளையங்கள் தந்த செல்வமே. இம்முறையைத் தோற்றுவித்தவர் தொடக்கத்திலேயே எதிர்கொண்ட கேள்வி, இவ்வளையம் பறவைக்குச் சுமையாகுமோ என்பதாகும். பின்வந்தோரிற் பலர் முறையைக் கைக்கொண்டனர்; கேள்வியை அத்துணை உறுதியாகக் கைக்கொண்டாரல்லர்.

இதற்குப் பென்குயின் பறவையின் வரலாறு தக்க சான்று. அதன் கால் குறுகியது. வளையம் பூட்டுதற்கு ஏற்றதன்று. ஆதலின் ஆராய்ச்சியாளர் அதன் சிறகிலே உலோகப் பட்டியைப் பூட்டி வந்தனர். சிறகோ அப்பறவைக்குத் துடுப்புப் போன்றது. கடலில் நீந்தி இரை தேடுதற்குரிய கருவி அதுவே. அடேலிப் பென்குயின்களை நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு ஆராய்ந்தோர், பட்டி பூண்ட பறவை நீந்துதற்கு 24 வீதம் கூடுதலான சக்தியைச் செலவிடுகின்றது என 1993 இல் அறிவித்தனர். எனினும், காலப்போக்கிற் பறவை பட்டிக்குப் பழகிவிடும் என்று சொல்வாரும் இருந்தனர்.

நம் தீவைச் சூழ்ந்துள்ள இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் குரோசே தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே பிரெஞ்சு விஞ்ஞானிகள் 100 அரசப் பென்குயின்களை ஆராய்ச்சிக்கு எடுத்தனர். யாவற்றிற்கும் ஒரு கிராமும் நிறையாத மின்னணு அடையாளத்தைத் தோலின் கீழ் வைத்தனர். அவற்றுள் 50 பறவைகளுக்கு மட்டும் சிறகிற் பட்டியும் பூட்டினர். பத்தாண்டு கவனித்து அவர்கள் கண்ட முடிபு 2011 இல் நேச்சர் என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. பட்டி பூண்டவற்றின் உயிர்பிழைப்பு 16 வீதம் குறைந்திருந்தது; அவை பெற்ற குஞ்சுகள் 39 வீதம் குறைந்திருந்தன. அவை இனப்பெருக்க இடத்துக்குப் பிந்தி வந்து சேர்ந்தன. இரை தேடக் கடலில் நெடுநாள் தங்கின. பத்தாண்டு கழிந்தும் பட்டி பழகிப்போகவில்லை.

இம்முடிபு உணர்த்துவது யாது? பறவைகள் துன்புற்றன என்பது ஒன்று. அதனினும் ஆழமானது மற்றொன்று. கடல் வெப்பமடைதல் முதலிய மாறுதல்களைப் பட்டி பூண்ட பறவையும் பூணாத பறவையும் ஒரே வகையாகத் தாங்கவில்லை. அங்ஙனமாயின், பட்டி பூண்டவற்றைக் கொண்டு காலநிலை மாற்றம் பற்றிக் கணித்த கணக்கில் எத்துணைப் பங்கு கடலின் செயல், எத்துணைப் பங்கு பட்டியின் செயல்? ஆராய்ச்சியாளன் இயற்கையை அளப்பதாக எண்ணித் தன் கையின் சுவட்டையே அளந்தவனாகின்றான்.

தவளையாராய்ச்சியிலும் இதுவே நிகழ்ந்தது. அடையாளத்துக்காகத் தவளைகளின் விரல் நுனிகளை வெவ்வேறு ஒழுங்கில் வெட்டுவது நெடுங்கால வழக்கம். முதல் விரலுக்குப் பின் வெட்டப்படும் ஒவ்வொரு விரலுக்கும், அத்தவளை மீண்டும் அகப்படும் வாய்ப்பு 4 முதல் 11 வீதம் வரை குறைகின்றது என 2004 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தவளையினம் அருகுகின்றதா என அறியப் புகுந்தவன் தவளைகளைக் காணாதபோது, அவை தாமே அருகினவா, தன் கத்தரிக்கோலால் அருகினவா என எங்ஙனம் துணிவான்? வெளியே தோன்றாத தீங்கும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே கருங்கரடிகளுக்கு மேலாக ஆளில்லாச் சிறு விமானங்களைச் செலுத்திப் பார்த்தனர். பெரும்பாலும் அவை அசையாது நின்றன. ஆயின் ஒரு கரடியின் இதயத்துடிப்பு முன்னிருந்த அளவினும் நிமிடத்துக்கு 123 துடிப்புக் கூடுதலாக ஏறியது என 2015 இல் அறிவிக்கப்பட்டது. அசையாதிருத்தல் அமைதியாகாது.

சில உயிர்கள் வருந்தினும் அவற்றின் இனம் முழுவதும் காக்கப்படுமாயின் அது தகுமன்றோ என்று வினவுவர். இவ்வினாவை எளிதில் ஒதுக்கலாகாது. உயிரினங்களைக் காப்பதற்கு அறிவு வேண்டும்; ஆராய்ச்சியின்றி அறிவு வாராது. ஆயின் இவ்வாதம் நிற்பதற்கு, வருத்திப் பெற்ற அறிவு மெய்யறிவாயிருத்தல் வேண்டும். வருத்தமே அறிவைப் பொய்யாக்குமாயின் உயிருக்கும் நட்டம், இனத்துக்கும் நட்டம், விஞ்ஞானத்துக்கும் நட்டம். சீவகாருண்யமும் மெய்ம்மையும் இவ்விடத்தில் எதிர்த்தரப்பினவல்ல, ஒரு தரப்பினவே.

ஆராய்ச்சியைக் கைவிடுக என்பது நம் கருத்தன்று. கையை இலேசாக்குக என்பதே. குரோசேயிற் பயன்பட்ட சிற்றடையாளம் அத்தகைய வழிகளுள் ஒன்று. அதனை அருகிற் சென்று வாசிக்க மனிதன் போகும்போது பறவை அஞ்சுதலின், சக்கரமுள்ள சிறு பொறியொன்றை அனுப்பிப் பார்த்தனர். மனிதனைக் கண்டபோதினும் அப்பொறியைக் கண்டபோது இதயத்துடிப்புக் குறைவாகவே ஏறியது என 2014 இல் அறிவித்தனர். ஆகவே முறையொன்றைப் பரக்கக் கையாளுமுன் அம்முறையையே சோதித்தல் வேண்டும். நேர்ந்த தீங்கை முடிபுகளோடு மறையாது வெளியிடல் வேண்டும். முன்னரே அறிந்ததை அறிதற்காக மீண்டும் உயிரை வருத்தாதிருத்தல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணாக்கருள் விலங்கியல் பயில்வோர் பலர் உளர். அவருட் சிலரேனும் நாளை நம் நாட்டின் காடுகளிலும் களப்புகளிலும் ஆராய்ச்சி செய்யப் புகுவர். யானைக்குக் கழுத்துப்பட்டி பூட்டவோ பறவைக்கு வளையமிடவோ அவர்க்கு நேரலாம். நுண்கருவிகளை வழங்குதல் பல்கலைக்கழகங்களின் கடன். அக்கருவியை எடுக்குமுன் என் கை இவ்வுயிரை என்ன செய்கின்றது என்று வினவும் பழக்கத்தை வழங்குதல் நம் கல்லூரி போன்ற கல்லூரிகளின் கடன். அப்பழக்கம் கைவரப்பெற்றவன் நல்ல மனிதனாவதோடு நல்ல விஞ்ஞானியும் ஆவான்.