நெருப்பு தீர்க்காத கவலை

2019 மார்ச் கடைசியில், போலந்தின் கதான்ஸ்க் நகரில் ஒரு தேவாலய வாசலில் பாதிரியார்கள் தீ மூட்டினார்கள். முகமூடி, குடை ஆகியவற்றோடு மாயமந்திரக் கதைகளான ஹாரி பாட்டர் நூல்களும் அதில் எரிந்தன. கண்டனம் எழுந்ததும் மன்னிப்பும் வந்தது.

இது புதிதல்ல. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இதே நூல்கள் கொளுத்தப்பட்டன. 2002இல் ஐக்கிய அரபு அமீரகம் தனியார் பள்ளிகளில் அவற்றுக்குத் தடை போட்டது. மாயமந்திரம் பிள்ளைகளின் சமய நம்பிக்கையைக் குலைத்துவிடும் என்பதே எங்கும் சொல்லப்பட்ட காரணம்.

பிரான்ஸில் எழுந்த மறுப்பு வேறு ரகம். 2003இல் ஐந்தாம் பாகத்தின் ஆங்கிலப் பதிப்பே அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வரவேற்புக்கு நடுவே, மறு ஆண்டு நீஸ் நகரப் பேராசிரியர் இலியாஸ் யோகாரிஸ், ஹாரி பயிலும் பள்ளி போட்டியையும் சந்தையையும் போற்றும் முதலாளியத்தின் சாயல் என்று ‘லெ மோந்த்’ நாளிதழில் எழுதினார்.

அவர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் நூலைப் படித்துவிட்டு வாதிட்டார். தீ மூட்டியவர்கள் வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. கடல் கடந்து வரும் கதையோடு அது பிறந்த நாட்டின் மதிப்பீடுகளும் வரத்தான் செய்யும். அவற்றை எடைபோடப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது பெரியவர்கள் கடமை. அயல் கதை தம் மண்ணின் கதையை விழுங்கிவிடும் என்று அஞ்சும் சமூகம், தன் எழுத்தாளர்களுக்கும் நூலகங்களுக்கும் செலவிடட்டும். தீப்பெட்டியால் ஒரு நல்ல கதையும் பிறந்ததில்லை.