ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடித்து விற்பதும் மோசடிதான்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாங்க இருப்பவர்கள், விற்க இருப்பவர்கள், முக்கியமாக மகளுக்கு வீடு தேடித் திரிகின்ற உம்மா வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள்.

நமது கிழக்குக் கரையோர ஊர்களில் வீடு என்பது வெறும் சொத்து அல்ல. மகளின் கலியாணமே அதில்தான் நிற்கின்றது. சீதன வீடு சரியா பிழையா என்பது இன்னொரு நாளைக்குப் பேச வேண்டிய விடயம், இன்றைக்கு அதைத் தொடவில்லை. ஆனால் நடப்பு இதுதான்: கட்டாரிலும் சவூதியிலும் பத்து, பதினைந்து வருடம் வெயிலில் உழைத்த காசு, உம்மாவின் காப்பு, வாப்பாவின் வயற்காணி, எல்லாம் சேர்ந்துதான் ஒரு வீடாகின்றது. அப்படி வாங்கிய வீட்டின் சுவர் முதல் மாரியிலேயே ஊறுகின்றது. பெயின்ட் கொப்புளம் போடுகின்றது. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கின்றது. விற்றவரிடம் போய்க் கேட்டால் ஒரே பதில்: "நீங்க பாத்துத்தானே வாங்கினீங்க?"

இந்தப் பதிலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கின்றது.

ஒரு மனிதர் தன் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுவதை ஐந்து வருடமாகக் காண்கின்றார். விற்க முடிவெடுத்ததும் கோடை வரும்வரை காத்திருக்கின்றார். சுவர் காய்ந்ததும் உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டி, ஃபில்லர் பூசி, இரண்டு கோட் பெயின்ட் அடிக்கின்றார். அப்படியும் மறையாத இடத்துக்கு நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகின்றார். பிறகு "புது வீடு மாதிரி வெச்சிருக்கம்" என்று ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுகின்றார். இதற்கு நமது ஊரில் என்ன பெயர்? "வியாபாரச் சாமர்த்தியம்." தரகர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கின்றார். கேட்பவர்களும் சிரிக்கின்றோம்.

இதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குர்ஆன் மதரசாவுக்குப் போன பிள்ளைக்கும் தெரிந்த சம்பவம்தான். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகின்றார்கள். குவியலுக்குள் கையை விடுகின்றார்கள். மேலே காய்ந்திருக்கின்றது, உள்ளே விரலில் ஈரம் படுகின்றது. விசாரித்தபோது மழை பட்டுவிட்டது என்கின்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்ற கருத்தில் கண்டித்தார்கள். அபூஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி.

இந்தச் சம்பவத்தில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஈரத் தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கு சொல்லப்படவில்லை. மழையும் அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தைக் கீழே தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம். ஈரச் சுவருக்கு மேல் பெயின்ட் பரப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தானியம் ஒரு மூட்டையோடு போகும். வீடு ஒரு குடும்பத்தின் ஆயுள் உழைப்போடு போகும்.

வாங்கியவர் பார்த்தார் என்பதும் பதிலாகாது. அந்தத் தானியத்தையும் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். மறைத்து வைத்த குறையை "பார்த்து வாங்கியதாக" எப்படிச் சொல்வது? நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள், மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. ஆனால் உறுதி எழுதி, காசு கைமாறி, அந்தக் காசில் விற்றவர் இன்னொரு காணியும் வாங்கிய பிறகு, அந்த உரிமையை யார் எந்த வாசலில் போய்க் கேட்பது?

இது காசுப் பிரச்சினை மட்டுமல்ல. மாரி மாதங்களில் வரவு இடாப்பை எடுத்தால் இருமல், சளி, இழுப்பு என்று வராத பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கின்றோம். எல்லாவற்றுக்கும் சுவர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்பவர்களுக்குச் சுவாச நோய்களும் ஆஸ்துமாவும் கூடுதலாக ஏற்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டுச் சொல்லியிருக்கின்றது. பெயின்ட் அடித்து மறைத்தவர் அந்தப் பிள்ளையின் மூச்சையும் சேர்த்துத்தான் விற்கின்றார்.

சரி, விற்பவர் மறைக்கின்றார். வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் வீடு பார்க்கப் போகும் முறையைப் பாருங்கள். விருந்துக்குப் போவது போலப் போகின்றோம். தேத்தண்ணி குடிக்கின்றோம். டைல்ஸைப் பார்க்கின்றோம், குசினியைப் பார்க்கின்றோம், "மாஷா அல்லாஹ்" சொல்லிவிட்டு வருகின்றோம். சுவரைத் தொட்டுப் பார்க்க வெட்கம். இருபது ரூபாய் மாங்காயை அமுக்கிப் பார்க்கின்ற நாம், கோடி ரூபாய் வீட்டை அமுக்கிப் பார்ப்பதில்லை. இந்த வெட்கத்தை நம்பித்தான் பெயின்ட் வாளி திறக்கப்படுகின்றது. ஆகவே கீழே உள்ளவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. காலத்தைப் பாருங்கள். நமது பக்கத்துக்கு மழை ஒக்டோபரில் தொடங்கிப் பெப்ரவரி வரை. முடிந்தால் அந்த மாதங்களில் வீட்டைப் பாருங்கள், ஒருநாள் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். கோடையில்தான் வாங்க வேண்டியிருந்தால் மற்றச் சோதனைகளை இரட்டிப்பாகச் செய்யுங்கள்.

2. புதுப் பெயின்டைச் சந்தேகியுங்கள். முழு வீடும் பழைய நிறமாக இருக்க, ஒரு சுவர் மட்டும் அல்லது கீழ் மூன்றடி மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அறைச் சுவரில் காரணமில்லாமல் நாலடிக்கு டைல்ஸ் இருந்தாலும் அதே கேள்விதான். விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். நல்ல பூச்சு திடமாகக் கேட்கும், விட்டுப்போன பூச்சு பொக்கென்று கேட்கும்.

3. கதவு நிலையின் அடியைப் பாருங்கள். சுவரை மறைக்கலாம், மரம் பொய் சொல்லாது. நிலையின் கீழ் ஒரு சாண் உக்கியிருந்தால், கறையான் ஏறியிருந்தால் அங்கே ஈரம் இருக்கின்றது. சுவிட்ச் பெட்டிகளின் ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

4. அலுமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டிய அலுமாரியின் பின்புறம்தான் பூஞ்சணம் பிடிக்க முதல் இடம். வீடு நிறையச் சாம்பிராணியும் பஹூரும் மணத்தால் சந்தோசப்படாதீர்கள். பூட்டிக் கிடந்த அறை ஒன்றைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

5. வெளியே வந்து வளவைப் பாருங்கள். இது மிக முக்கியம். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் போடும் படையை மேசன்மார் டீபிசி என்பார்கள். வெளி நிலம் அதற்குக் குறைந்தது ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். நமது ஊரில் என்ன நடக்கின்றது? வீதியை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் உயர்த்துகின்றார்கள். தண்ணீர் உள்ளே வருகின்றது என்று நாம் வளவுக்கு மண் போட்டு நிரப்புகின்றோம். மண் டீபிசியைத் தாண்டியதும் சுவர் நிலத்து நீரைக் குடிக்கத் தொடங்குகின்றது. வீதியை விட வீடு பதிந்திருந்தால் நன்றாக யோசியுங்கள். மலசலகூடக் குழி சுவருக்கு எவ்வளவு கிட்ட இருக்கின்றது என்பதையும் பாருங்கள்.

6. ஈரம் எந்த உயரத்தில் என்று பாருங்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் மூன்று, மூன்றரை அடியோடு நிற்கும். அந்த உயரத்தில் ஒரு கோடும் வெள்ளை உப்பும் தெரியும். சுவரின் மேற்பகுதியிலும் சீலிங்கிலும் தேத்தண்ணிக் கறை போல வட்டம் இருந்தால் அது கூரை, பீலி அல்லது சிலெப்பின் கசிவு. சிலெப்பில் துருக் கோடுகள் இருந்தால் உள்ளே கம்பி அரிக்கின்றது என்று அர்த்தம், அது பெயின்ட் விடயமே அல்ல. சுவரின் நடுவில் ஒரு திட்டு மட்டும் ஊறினால் அடுத்த பக்கம் குளியலறையா என்று பாருங்கள்.

7. குழாயைச் சோதியுங்கள். மேல் தாங்கி நிரம்பிய பின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் எங்கோ கசிகின்றது. ஆளில்லாத வீடென்றால் தாங்கிக்கு வரும் தண்ணீரை மூடி, நீர்மட்டத்தை இரவில் அடையாளமிட்டுக் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் தாங்கிக்குப் பிறகுள்ள குழாயில் பிரச்சினை.

8. சந்தேகமான இடத்தில், விற்பவரின் அனுமதியோடு, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகின்றது. வெளிப் பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் போதாது.

9. பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் இந்த வளவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். கடற்கரைப் பக்க வீடென்றால் 2004 சுனாமித் தண்ணீர் புகுந்த சுவரா என்றும் கேளுங்கள். கடல் நீர் காய்ந்தாலும் உப்புச் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிவதைக் கண்டிருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கும். சுவருக்குள் இருக்கும் உப்பும் அதையேதான் செய்யும்.

இவ்வளவும் பார்க்க ஒரு மேசனைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒருநாள் கூலி கொடுப்பது நஷ்டமல்ல. நொத்தாரிசு பார்ப்பது உறுதியை, சுவரை அல்ல.

"இப்படிக் குடைந்து பார்த்தால் விற்பவர் மனம் நோகும்" என்பார்கள். மறைக்க எதுவும் இல்லாதவருக்கு ஏன் நோக வேண்டும்? நல்ல வீட்டுக்காரர் தானே அலுமாரியை நகர்த்திக் காட்டுவார்.

"உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்? எங்களுக்கும் கஷ்டம்தானே?" என்றும் கேட்பார்கள். கஷ்டம் உண்மைதான். அதற்கும் வழி இருக்கின்றது. "இந்தச் சுவரில் மாரிக்கு ஈரம் ஏறும், திருத்த இவ்வளவு முடியும், அதைக் கழித்துத் தாருங்கள்" என்று சொல்லி விற்கலாம். வாங்குபவர் தெரிந்து வாங்குவார். வந்ததும் வெளி மண்ணை இறக்கி, பீலியைத் திருத்தி, பழுதான பூச்சை உடைத்துக் காயவிட்டு, பிறகு பூசுவார். தெரியாமல் வாங்கியவர் என்ன செய்வார்? அவரும் அதே ஃபில்லரை வாங்கி அதே சுவரில் பூசி, மூன்று வருடத்தில் இன்னொருவரின் தலையில் கட்டுவார். இப்படித்தான் ஒரு பொய் நாலு உறுதிகளில் கைமாறுகின்றது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரகத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற ஹதீஸும் நாம் கேட்காததல்ல.

தரகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டின் குறை பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரில் எந்த வீட்டில் எந்த மாரியில் தண்ணீர் ஏறியது என்பதை உங்களைவிட யார் அறிவார்? தெரிந்தும் வாய்மூடி வாங்கும் கொமிசன் எப்படிப்பட்ட காசு என்பதை நீங்களே ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பது பெரிய சட்டமல்ல. முற்பணம் கொடுக்க முன் ஒரு தாளில் நாலு கேள்வி எழுதுங்கள். எந்தச் சுவரில் ஈரம் வருகின்றது? கூரையோ சிலெப்போ எங்கே கசிகின்றது? வெள்ளம் எந்த அளவுக்கு வந்தது? கடைசியாக எப்போது, எதற்காகப் பெயின்ட் அடித்தீர்கள்? பதிலை எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையொப்பம் வாங்கி, உடன்படிக்கையோடு சேர்த்து வையுங்கள். கையொப்பமிட மறுப்பவரின் வீட்டை விட்டு வாருங்கள். ஒரு ஊரில் பத்துப் பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினால், பதினோராவது வீட்டுக்காரர் பெயின்ட் வாளியைத் திறக்க முன் யோசிப்பார். மாரி தொடங்க முன் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசும்படி பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் கதீப்மாரையும் பணிவாகக் கேட்டுக்கொள்கின்றோம்.

விற்பவர்களே, ஈரம் இருந்தால் அதை மேலே வையுங்கள். வாங்குபவர்களே, வெட்கப்படாமல் கையை உள்ளே விடுங்கள்.

வீடு தேடுகின்ற ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள். வஸ்ஸலாம்.