ஆயில் ஃபில்டர்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

செலவைக் குறைங்கன்னு சொல்றதுதான் என் வேலை. ஆனா கார் ஆயில் ஃபில்டர்ல வேண்டாம். பல ஃபில்டர்களுக்குள்ள ஆயில் திரும்பி வடியாம தடுக்கிற ரப்பர் வால்வு ஒண்ணு இருக்கும். மட்டமான ஃபில்டர்ல அது சரியா மூடாது. ராத்திரியே ஆயில் இறங்கிடும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் இன்ஜின் சில நொடி போதிய ஆயில் இல்லாம ஓடும். இப்படித் தேய்ஞ்ச இன்ஜினுக்கு சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ்ல கிளெய்ம் கிடையாது. தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டுமே பாலிசியில விலக்கு. கைக்காசுதான்.

அதுக்காக 'பெர்ஃபார்மன்ஸ்' ஃபில்டர் எல்லாம் ஆபீஸ் போய் வர்ற காருக்குத் தேவையில்லை. கம்பெனி ஃபில்டரோ, உங்க மாடலுக்குப் பொருந்துற பாஷ், மான் மாதிரி ஒண்ணோ போதும். ஜிஎஸ்டி பில் தராத கடையில வாங்காதீங்க. கழட்டின பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்க; மாத்தாமலே பில் போடுறவங்களும் இருக்காங்க.