யாருடைய திறமை?

போக்கர் சீட்டாட்டத்தின் விதிகளைக் கற்பது எளிது. டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகையில் கையில் இரண்டு சீட்டுகள், நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து. எந்தச் சேர்க்கை பெரியது என்பதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். எப்போது சீட்டைக் கீழே வைத்து விலகுவது என்பதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும். கையில் இரண்டு ஆஸ் விழுவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை. புதியவரோ ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் பணம் போடுகிறார்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி, தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. யாருடைய திறமை என்பதே நம் கேள்வி. பல்லாயிரம் ஆட்டம் ஆடியவர் எதிரே நேற்றுக் கற்றவர் அமர்ந்தால், திறமை அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. சமபலம் உள்ளோர் ஆடினாலும், நடத்துபவர் பந்தயப் பணத்தில் தம் பங்கை எடுப்பதால் மேசையின் மொத்தப் பணம் குறைந்துகொண்டே போகும். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் எந்தப் பணத்தில் வந்தன?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. திண்ணையில் புளியங்கொட்டை வைத்துப் போக்கர் கற்பவர்களிடம் நமக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தோற்றவர் மறுநாள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்றுக் கேட்டு அலைவதில்லை.