பயன்பொருளின் அழகும் படக்கருவியின் கடமையும்

அழகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பலர்க்கும் நினைவுக்கு வருவன வானளாவும் கோபுரமும் வண்ண ஓவியமும் பொன்னணியும் பூஞ்சோலையுமே. கலப்பையின் கொழுவிலும் வண்டியின் கடையாணியிலும் ஏரி மதகின் கல்தூணிலும் அழகுண்டு என்றால் அவர்கள் நகைப்பர். கண்டு களிப்பதற்கென்றே செய்த பொருள் கலைப்பொருளாம். கை நாளெல்லாம் பற்றி உழைக்கும் பொருள் வெறும் தட்டுமுட்டாம்! இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? உழைப்பை இழிவென்றும் ஓய்வை உயர்வென்றும் கருதிய உள்ளத்திலிருந்து வந்தது. உழைப்பாளியை வாயிலுக்கு வெளியே நிறுத்திய அந்த உள்ளமே அவன் கருவியைக் கலைக்கூடத்துக்கு வெளியே நிறுத்தியது.

வள்ளுவர் நெஞ்சம் அத்தகையதன்று. உருவிற் சிறியாரை இகழலாகாது என்று உணர்த்த முனைந்தபோது அவர் மணிமுடியைத் தேடிப் போகவில்லை. தேரின் அச்சாணியையே எடுத்துக்காட்டினார். தேரைப் பார்ப்பவர் ஆயிரவர்; அச்சாணியைப் பார்ப்பவர் சிலரே. அந்தச் சிலருடைய கண்தான் இன்று ஒளிப்படக் கருவிக்குத் தேவைப்படுகிறது.

மாட்டு வண்டியின் சக்கரத்தைக் கூர்ந்து நோக்குக. நடுவே குடம், குடத்திலிருந்து பிரியும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கி வளையும் வட்டைகள், வட்டைகளைச் சூழ்ந்து இறுக்கும் இரும்புப் பட்டை. அந்தப் பட்டையைக் கொல்லர் நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுகிறார். சூட்டில் அது விரிகிறது. விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் ஏற்றி நீரூற்றுகிறார். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரத்துண்டுகள் அனைத்தையும் ஒருசேரக் கவ்விக் கொள்கிறது. அச் சக்கரத்தில் அழகுக்கென்று இட்ட கோடு ஒன்றுமில்லை. அழகில்லாத கோடும் ஒன்றில்லை.

வழியோரத்துச் சுமைதாங்கியோ இன்னும் எளியது. இரண்டு கற்கள் நிற்கின்றன. ஒரு கல் அவற்றின் மேல் கிடக்கிறது. அவ்வளவே. தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றி இறக்கி வைக்கவும், இளைப்பாறியபின் பிறர் துணையின்றி ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்ணின் நினைவாக இக் கல்லை நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. இறக்கி வைக்க இயலாமற் போன ஒருத்தியின் சுமைக்காக, ஊரார் சுமையெல்லாம் இறக்கி வைக்க ஒரு கல்! இதனினும் உயர்ந்த நினைவுச் சின்னத்தை எந்த அரசன் எழுப்பினான்? ஆயினும் சாலையை அகலப்படுத்தும் பொறி வரும்போது முதலில் பெயர்த்தெறியப்படுவது அக் கல்லே. அது இருந்ததற்குச் சான்றாக ஓர் ஒளிப்படமேனும் எஞ்சுகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை.

பயன்பொருளின் அழகைக் கண்டுணர்ந்து படமாக்கிய அறிஞர் உலகில் இல்லாமலில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவான்சு 1955-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பார்ச்சூன் இதழில் எளிய கைக்கருவிகளின் படங்களை வெளியிட்டார். இரும்புக் கடையில் எவரும் சிறு தொகைக்கு வாங்கத்தக்க கருவிகள் அவை. வெற்றுப் பின்புலத்தில், எந்த ஒப்பனையுமின்றி, ஒவ்வொன்றும் தனித்து நின்றது. செல்வர்களும் தொழில் முதலாளிகளும் படித்த அவ் விதழில், தொழிலாளியின் கைக்கருவி மன்னர் உருவம்போல் ஏறி அமர்ந்தது.

இந்திய அரசின் வேண்டுகோளை ஏற்று வந்த சார்லசு ஈம்சு, இரே ஈம்சு என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். இந் நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அவர்கள் அதில் போற்றியது எதை? அரண்மனையையன்று, நீர் முகக்கும் செம்பை! அதன் எடை, கைக்கு அடங்கும் வளைவு, நீர் நிறைந்த போதும் குறைந்த போதும் அது நிற்கும் நிலை, ஊற்றும்போது நீர் ஒழுகும் பாங்கு ஆகியவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, ஒரு தனி மனிதன் வடித்த வடிவமன்று, தலைமுறை தலைமுறையாகப் பலர் வடித்த வடிவம் இது என்று கண்டனர். கடல் கடந்து வந்தவர் கண்ட அழகு, காலையில் எழுந்ததும் அச் செம்பைக் கையிலெடுத்தவர் கண்ணுக்குப் படவில்லை.

இத் துறையில் வாழ்நாளையே ஈந்தவர்கள் செருமனி நாட்டுப் பெர்ந்து பெக்கர், கில்லா பெக்கர் என்னும் இணையர். பெர்ந்து 1931-இல் சீகன் நகரில் பிறந்தவர். சுரங்கங்களும் இரும்புருக்கும் உலைகளும் சூழ்ந்த அப் பகுதியின் தொழிற் கட்டடங்களை அவர் முதலில் வரையவே தொடங்கினார். வரைந்து முடிக்குமுன் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. இடிப்பவரின் விரைவுக்குத் தூரிகையின் விரைவு ஈடாகாமையால் படக்கருவியைக் கையிலெடுத்தார். ஒளிப்படக் கலையை முறையாகப் பயின்ற கில்லா 1959 முதல் அவரோடு இணைந்து உழைத்தார். 1961-இல் இருவரும் மணந்து கொண்டனர். நீர்த்தொட்டிக் கோபுரம், சுரங்கத் தூக்குக் கோபுரம், உருக்குலை, வளிக் கலம், குளிர்விக்கும் கோபுரம் எனப் பிறர் ஏறெடுத்தும் பாராதவற்றைத் தேடிச் செருமனி, பெல்சியம், பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா என நாடு நாடாய் அலைந்தனர். 2007-இல் பெர்ந்தும் 2015-இல் கில்லாவும் மறைந்தனர்.

அவர்கள் கைக்கொண்ட முறை கருதத்தக்கது. கருநிழல் விழாதிருக்க முகில் மூடிய நாளையே தேர்ந்தனர். கட்டடம் நேர்நின்று முழுமையாகத் தெரியுமாறு உயர்ந்த இடத்திலிருந்து படமெடுத்தனர். வண்ணமில்லை, வியப்பூட்டும் கோணமில்லை. ஒரே வகைக் கட்டடங்களின் படங்களை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என வரிசையாக அடுக்கினர். அடுக்கியபோதன்றோ உண்மை விளங்கிற்று! எல்லாம் ஒன்றே என்று தோன்றிய நீர்த்தொட்டிகள் ஒன்றுபோல் ஒன்றில்லை. ஒரே வேலைக்கு நூறு ஊரார் நூறு விடை கண்டிருந்தனர். 1970-இல் வெளியிட்ட நூலுக்குப் ‘பெயரறியாச் சிலைகள்’ என்று பொருள்படும் தலைப்பை இட்டனர். கட்டியவர் பெயர் மறைந்தது. கட்டியதன் அழகு மறையவில்லை என்பது கருத்து. 1990-இல் வெனிசுக் கலைக்காட்சியில் அவர்களுக்குப் பொன் அரிமா விருது கிடைத்தது. அதுவும் ஒளிப்படத்துக்கன்று, சிலைக்கலைக்கு! இரும்புத் தொட்டியும் சிலையே என்று உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

படம் பாராட்டைப் பெற்றுத் தந்ததோடு நிற்கவில்லை; கட்டடத்தையும் காத்தது. தோர்த்துமுண்டு நகரின் சோலெர்ன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பொறிக்கூடம் ஒன்று உண்டு. சுரங்கம் 1966-இல் மூடப்பட்டபின் அக் கூடத்தை இடித்துத் தள்ளத் திட்டமிட்டனர். பெக்கர் இணையர் உள்ளிட்ட பலர் குரல் எழுப்பினர். 1969-இல் கூடம் காப்பாற்றப்பட்டது. செருமனியில் தொழிற் கட்டடமும் நாட்டின் நினைவுச் சின்னமே என்னும் எண்ணம் வேரூன்ற அது வழி வகுத்தது. இன்று அவ் விடம் தொழில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. சுரங்கத் தொழிலாளியின் பேரன் தன் பாட்டன் உழைத்த இடத்தைக் கண்ணால் காண்கிறான்.

தமிழகத்தின் நிலை என்ன? முன்னாளில் படக்கருவி செல்வர் வீட்டுப் பொருள். இன்று அது கைப்பேசிக்குள் அடங்கி ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. தன் முகத்தைத் தானே நாளுக்குப் பத்து முறை எடுப்பவர்கள், பாட்டி அரைத்த அம்மியை ஒரு முறையேனும் எடுத்ததுண்டா? சிற்றூர்தோறும் நிற்கும் மேல்நிலை நீர்த்தொட்டிகளைப் பார்க்க. கால்களின் எண்ணிக்கை, படிக்கட்டு ஏறும் பாங்கு, தொட்டியின் வளைவு என ஊருக்கு ஊர் எத்துணை வேறுபாடு! பழையவை வலுவிழந்தன என்று இடிக்கப்படுகின்றன, புதியவை எழுகின்றன. இடிப்பது தவறன்று, உடைந்த தொட்டி உயிருக்கு ஊறு. ஆனால் இடிக்குமுன் நேர்நின்று ஒரு படமெடுக்கத் தடை என்ன? நெல் ஆலையின் புகைபோக்கி, செங்கற் சூளை, ஓட்டுத் தொழிலகம், உப்பளத்துக் கொட்டகை, ஏரிக்குள் நிற்கும் தூம்பின் இரட்டைக் கல்தூண் என எல்லாம் அழைக்கின்றன, செவிமடுப்பார் இல்லை.

படமே எடுக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. எடுக்கின்றனர், ஆனால் எப்படி? ஞாயிறு மறையும் வேளையில் செவ்வானத்தின் முன்னே ஏரும் எருதும் கரிய நிழலாய்த் தெரிய எடுக்கின்றனர். வானம் தெரிகிறது; ஏர் தெரியவில்லை. மேழி எங்கே, ஏர்க்கால் எங்கே, நுகத்தடியோடு அதைப் பிணிக்கும் கயிறு எங்கே என்று அப் படத்தைப் பார்த்து எவரும் கற்றுக்கொள்ள முடியாது. உயர்தர உணவு விடுதியின் வாயிலில் ஆட்டுக்கல்லில் பூ மிதக்கவிட்டிருப்பதும் இத்தகையதே. பயனை அறுத்துவிட்டு அழகை மட்டும் எடுக்க முனைபவர் வேரை அறுத்துவிட்டுப் பூவைப் பேண முனைபவர் ஆவர்.

‘உரலும் உலக்கையும் பெண்ணின் தோளை முறித்த கருவிகள் அல்லவா? ஏற்றம் ஏழையின் முதுகை ஒடித்தது அல்லவா? அவற்றுக்கு அழகு பாடுவது அடிமைத்தனத்துக்கு அழகு பாடுவதாகாதா?’ என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும். உரலைப் படமெடுப்பவர் பெண்களை மீண்டும் உலக்கை பிடிக்கச் சொல்லவில்லை. சுரங்கத்தைப் படமெடுத்த பெக்கர் இணையர் எவரையும் மீண்டும் நிலக்கரிக் குழிக்குள் இறங்கச் சொல்லவில்லை. உழைத்தவர் பட்ட துன்பம் உண்மை. அத் துன்பத்துக்கு நடுவிலும் அவர் கையும் அறிவும் கண்ட வடிவம் உண்மை. துன்பத்தைப் போக்கியபின் அறிவையும் சேர்த்து அழித்துவிட்டால், உழைத்தவர்க்கு மிஞ்சுவது யாது? அவர் தோளில் பதிந்த தழும்பையும் காட்டுவதே நல்ல படம். பல ஆண்டு கைபட்டு வழவழப்பான உலக்கையின் நடுப்பகுதியைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம், பெண்ணின் உழைப்பைப் பற்றிப் பத்து மேடைப் பேச்சுகள் சொல்லாததைச் சொல்லும்.

இங்கே இன்னொரு கடமையும் உண்டு. பொருள் மறைந்தால் அதன் உறுப்புப் பெயர்களும் உடன்மறையும். கிணற்றிலிருந்து எருதுகள் நீரிறைத்த கவலையை எண்ணிப் பார்க்க. சால், வால், வடக்கயிறு, வால்கயிறு, உருளை எனக் கருவியெங்கும் சொற்கள். எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலேறியது; நீர்ப்பொறிகள் வந்தபின் கவலை நின்றது; சொற்கள் முதியோர் நாவில் ஒதுங்கின. அகரமுதலிகள் சொற்களைக் காக்கின்றன. கி. இராசநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982-இல் வெளிவந்து உழவர் சொற்களுக்கு ஏடேறும் பெருமை தந்தது. ஆயினும் ‘வட்டை’ என்னும் சொல்லுக்கு எத்துணை வரிகளில் விளக்கம் எழுதினாலும், சக்கரத்தைக் கண்டிராத பிள்ளைக்கு அது முழுதும் விளங்குமா? பெயரில்லாப் படம் ஊமை. படமில்லாப் பெயர் குருடு. இரண்டையும் இணைப்பவரே இரண்டையும் காப்பவர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. அரசின் ஆணையும் வேண்டா. பொருளைத் தூய்மைப்படுத்திப் பொம்மையாக்காமல் அது இருக்கும் இடத்திலேயே, வெயில் தணிந்த வேளையில், நேர்நின்று, முழுவதும் தெரிய எடுத்தல் வேண்டும். அளவு தெரிய ஒரு கோலை அருகே வைத்தல் வேண்டும். பின்னர் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்தல் வேண்டும். ஊர்ப்பெயர், பயன், உறுப்புப் பெயர்கள், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். செய்தவர் பெயர் தெரியுமாயின், அவர் இசைவோடு அதையும் எழுதுதல் வேண்டும். கோயில் கட்டிய அரசனுக்குக் கல்வெட்டு உண்டு, வண்டி கட்டிய தச்சனுக்கு இல்லையே! ஒரு பள்ளியின் மாணவர்கள் தத்தம் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஒருவர்க்கு ஒன்றெனக் கொணர்ந்தால், ஓராண்டில் அவ் வூருக்கே ஓர் அருங்காட்சியகம் உருவாகிவிடும்.

இவ் வேலைக்குக் காலம் காத்திராது. கவலையை ஓட்டியவர் முதுமையில் தளர்ந்திருக்கிறார். அதன் உறுப்புகளுக்கெல்லாம் பெயர் சொல்ல வல்லவர் அவரே. பரணில் கிடக்கும் மரக்கால் பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கிறது. சுமைதாங்கியின் அருகே சாலை அளப்போர் நட்ட குறிக்கல் நிற்கிறது. அழியும் பொருள் அனைத்தையும் காத்தல் எவர்க்கும் இயலாது. அழியுமுன் ஒரு முறை உற்று நோக்குதல் எவர்க்கும் இயலும்.

தமிழ் இளைஞர்கள் தம் கைப்பேசியைத் தம் முகத்திலிருந்து சற்றே திருப்புக! பாட்டனின் பணிக்கருவியை நோக்கித் திருப்புக! உருவைப் படமாக எடுக்க; பெயரை அருகே எழுதுக; இரண்டையும் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க!