கடலின் கணக்கு யார் கையில்?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. ஐரோப்பாவின் ஆலை முதலாளிகளும் பெரும் பண்ணைக்காரர்களும் இந்த வாக்கைக் கேட்டதில்லை போலும்! நூறு வருஷத்துக்கும் மேலாக அவர்கள் ஆற்றில் போட்டார்கள், அளக்காமலே போட்டார்கள். சாயக் கழிவைப் போட்டார்கள். ஈயத்தையும் பாதரசத்தையும் போட்டார்கள். வயலில் கொட்டிய ரசாயன உரத்தில் பயிர் தின்றது போக மிச்சமெல்லாம் மழையோடு ஆற்றில் இறங்கிற்று. ஆறு என்ன செய்யும்? அத்தனையையும் சுமந்துகொண்டு போய்க் கடலில் இறக்கிற்று.

போட்டவன் அளக்கவில்லை. அப்படியானால் அளந்தது யார்? அந்தக் கணக்கு இன்று யார் கையில் இருக்கிறது?

மில்லில் நூலை எடை போடுகிறவர்களுக்கும், களத்தில் நெல்லை அளக்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தராசு யார் கையில், ஏடு யார் கையில் என்பதைப் பொறுத்துத்தான் கூலி என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள். கடல் விஷயத்திலும் நியாயம் அதுவேதான். அதனால்தான், தூரத்து ஐரோப்பாவில் சில வருஷங்களாக நடந்துவரும் ஒரு வேலையைப் பற்றி இங்கே எழுதுகிறோம். ரசாயனம் நாம் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்ட பாடம். ஆனாலும் கணக்கு நமக்குத் தெரிந்த பாடம்.

2008-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் செய்தது. 2020-க்குள் தங்கள் கடல்களை நல்ல நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உறுப்பு நாடுகளை அது கட்டுப்படுத்தியது. நல்ல நிலையா, கெட்ட நிலையா என்று எதைக் கொண்டு சொல்வது? அளந்துதான் சொல்ல வேண்டும். அளவுகள் இல்லாமலில்லை. ஒவ்வொரு தேசத்தின் ஆராய்ச்சி நிலையத்திலும் பீரோ பீரோவாகக் கிடந்தன. ஆனால் ஒரு தேசத்தின் ஏடு பக்கத்து தேசத்துக்குத் தெரியாது; தெரிந்தாலும் புரியாது.

2009-ல் இந்த ஏடுகளையெல்லாம் ஒன்று சேர்க்கும் வேலை தொடங்கிற்று. 'எமோட்நெட்' என்று அதற்குப் பெயர். 120-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. கடலின் ஆழம், தரையின் மண்ணும் பாறையும், உயிரினங்கள், மனிதர் செய்யும் தொழில்கள் என்று வேலை ஏழு பிரிவாக நடக்கிறது. அதில் ஒன்று ரசாயனப் பிரிவு. இத்தாலியில் டிரியெஸ்டே நகரத்தை அடுத்துள்ள தேசிய சமுத்திர ஆராய்ச்சி நிலையம் அதற்குப் பொறுப்பு. பால்டிக் கடல், வடகடல், மத்தியதரைக் கடல், கருங்கடல், வடகிழக்கு அட்லாண்டிக், ஆர்க்டிக் என்று ஐரோப்பாவைச் சுற்றியுள்ள கடல்கள் எல்லாம் அந்த ஏட்டில் வருகின்றன.

எத்தனை படி, எத்தனை மரக்கால்!

வேலை எப்படி நடக்கிறது? கப்பல் குறித்த இடத்தில் நிற்கிறது. கம்பியில் கட்டிய குப்பிகளைக் கடலுக்குள் இறக்குகிறார்கள். வேண்டிய ஆழத்தில் குப்பி மூடிக்கொள்ளும். அந்த ஆழத்து நீர் அப்படியே மேலே வரும். அதில் பிராணவாயு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிராணவாயுவை அளக்க 1888-ல் ஹங்கேரி விஞ்ஞானி விங்க்ளர் கண்ட முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அடிமண்ணையும், சிப்பியையும், மீனையும் எடுத்துப் பாதரசம், ஈயம், பூச்சிமருந்து, எண்ணெய் ஆகியவை உண்டா என்று சோதிக்கிறார்கள்.

இது பாதி வேலைதான். நம் கிராமங்களில் ஒரு காலத்தில் இருந்த கூத்து உங்களுக்குத் தெரியும். பட்டணம் படி ஒன்று, சின்னப் படி ஒன்று. ஊருக்கு ஒரு மரக்கால். வாங்கும்போது பெரியது, கொடுக்கும்போது சின்னது! கடல் கணக்கிலும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு நாட்டு ஏட்டில் நைட்ரேட்டின் முழு எடையை எழுதியிருப்பார்கள். இன்னொரு நாட்டு ஏட்டில் அதனுள் இருக்கும் நைட்ரஜனின் எடையை மட்டும் எழுதியிருப்பார்கள். ஒரே நீர்தான், ஆனால் முதல் எண் இரண்டாவதைப் போல் ஏறக்குறைய நாலரை மடங்கு! இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் சுத்தமான கடல் அழுக்காகும். அழுக்கான கடல் சுத்தமாகும்.

ஆகவே எல்லா எண்ணையும் முதலில் ஒரே அளவுக்கு மாற்றுகிறார்கள். ஒரே மாதிரி இரண்டு இடத்திலிருந்து வந்து இரண்டு தரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மஸ்டரில் ஒரே ஆள் பெயர் இரண்டு முறை விழுந்தால் என்ன ஆகும்? அதேதான். கப்பல் நின்ற இடம் என்று எழுதியிருப்பது தரையில் விழுகிறதா, அந்தக் கடலில் அந்தப் பருவத்தில் இருக்க முடியாத எண்ணா என்றெல்லாம் சோதிக்கிறார்கள்.

சோதித்து முடித்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு அடையாளம் வைக்கிறார்கள். 1 என்றால் நல்லது. 2 என்றால் அநேகமாக நல்லது. 3 என்றால் அநேகமாகக் கெட்டது. 4 என்றால் கெட்டது. 6 என்றால் கருவியின் சக்திக்கு எட்டாத அளவுக்குக் குறைவு. இதில் இரண்டு விஷயம் நம் மனசைத் தொட்டன. கெட்ட எண்ணை அவர்கள் அழிப்பதில்லை. கெட்டது என்று குறி போட்டு ஏட்டிலேயே வைக்கிறார்கள். பின்னால் வருகிறவன் பார்த்துக் கேள்வி கேட்கலாம். இரண்டாவது, 'இல்லை' என்பது வேறு, 'கருவிக்கு எட்டவில்லை' என்பது வேறு என்று பிரித்து எழுதுகிறார்கள். கணக்கில் நாணயம் என்றால் இதுதான்.

பிறகுதான் படம் வரைகிறார்கள். அளந்த இடங்களுக்கு நடுவே அளக்காத இடம் எப்படி இருக்கும் என்று பெல்ஜியத்தின் லியேஜ் சர்வகலாசாலையில் உருவான ஒரு கணித முறையைக் கொண்டு கணிக்கிறார்கள். வருஷங்களைத் தொகுத்து, பருவத்துக்கு ஒரு படம். அளவுகள் மிகக் குறைவாக உள்ள இடத்தில் கணிப்பை நம்ப முடியாது. அங்கே படத்தை மறைத்துவிடுவதும் உண்டு.

ஏடு சொன்ன செய்திகள்

சரி, இதனால் என்ன பிரயோஜனம்? அளவுகளைச் சேர்த்து வைத்தால் என்ன தெரியும் என்பதற்குப் பால்டிக் கடல் சாட்சி. அது ஏறக்குறைய மூடிய கடல். நன்னீர் மேலே, உப்பு நீர் கீழே. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. உரமும் சாக்கடையும் வந்து சேரச் சேரப் பாசி மண்டுகிறது. பாசி செத்து அடியில் அழுகும்போது அங்குள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. பிறகு அங்கே மீனும் இல்லை, புழுவும் இல்லை. பல தேசத்தார் நூறு வருஷத்துக்கு மேலாக எடுத்த அளவுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட ஆராய்ச்சி 2014-ல் வெளியாயிற்று. மூச்சு முட்டும் அந்தப் பரப்பு 1898-ல் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர்; இப்போது 60,000-க்கு மேல்! டென்மார்க் தேசத்தின் நிலப்பரப்பைவிட அதிகம். ஒரு தேசத்து ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டிருக்க முடியுமா?

கருங்கடலின் கதை இன்னொரு பாடம். அதன் ஆழத்தில் இயற்கையாகவே பிராணவாயு கிடையாது. நாம் சொல்வது வடமேற்கே ஆழம் குறைந்த பகுதியை. 19 நாடுகளின் நிலத்து நீரைச் சுமந்துவரும் டான்யூப் நதி அங்கேதான் விழுகிறது. 1973 வாக்கில் அங்கே மூச்சு முட்டல் தெரிய ஆரம்பித்தது. 1990 வாக்கில் சுமார் 40,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவிற்று. அந்தக் கரை நாடுகளில் அப்போது ஆட்சியில் இருந்தவை சோஷலிஸ்ட் சர்க்கார்கள் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. மகசூல் இலக்கை எண்ணினார்கள். ஆற்றில் இறங்கிய உரத்தை எண்ணவில்லை. கடல் கொடியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. 1990-களில் உர உபயோகம் சரிந்தது. சில வருஷங்களில் அந்தக் கடல் கொஞ்சம் மூச்சுவிட்டது. கெட்டதற்குக் காரணம் எது, தேறியதற்குக் காரணம் எது என்று சொன்னதும் அளவுதான்.

மூன்றாவது செய்தி தொழிலாளியின் செய்தி. இன்றைய ஸ்லோவேனியாவில் இத்ரியா என்று ஒரு ஊர். 1490 முதல் ஏறக்குறைய 500 வருஷம் அங்கே பாதரசம் தோண்டினார்கள். ஒரு லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தார்கள். அங்கே வைத்தியராக இருந்த ஸ்கோப்போலி என்பவர், சுரங்கத் தொழிலாளிகளைப் பாதரசம் என்ன பாடு படுத்துகிறது என்று 1761-லேயே புத்தகம் எழுதினார். யார் கேட்டார்கள்? 1990-களில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் கணக்கு மூடவில்லை. ஆற்று வண்டலில் படிந்த பாதரசம் வெள்ளம் வரும்போதெல்லாம் எல்லை தாண்டி இத்தாலிக்குள் வந்து டிரியெஸ்டே வளைகுடாவில் இறங்குகிறது. கடல் ரசாயனக் கணக்குக்குப் பொறுப்பான நிலையம் அதே வளைகுடாவின் பக்கத்தில்தான் இருக்கிறது! லாபம் போன இடம் தெரியவில்லை. விஷம் போன இடம் மட்டும் அளந்தால் தெரிகிறது.

அளந்தால் மட்டும் போதுமா?

"இத்தனை பணத்தை ஏட்டுக்கும் படத்துக்கும் செலவழிப்பதை விடக் கடலைச் சுத்தம் செய்யலாமே!" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அளந்ததால் எந்தக் கடலும் சுத்தமாகிவிடாது. 2020 வந்தது, போயிற்று; சட்டம் குறித்த நல்ல நிலை வரவில்லை. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் தோற்றது என்பது எப்படித் தெரிந்தது? ஏடு இருந்ததால் தெரிந்தது. ஏடு இல்லாதிருந்தால், 'எங்கள் கடல் நன்றாக இருக்கிறது' என்று ஒவ்வொரு சர்க்காரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும். ஆலைக்காரன், 'விஷம் என்னுடையது அல்ல, மேலே இருக்கிறவனுடையது' என்பான். மேலே இருக்கிறவன் கீழே கை காட்டுவான். இடையில் வலை காய்வது மீனவனுக்கு.

எண்ணிய கணக்கு சட்டமானதும் உண்டு. ஐரோப்பியக் கடற்கரைகளில் 100 மீட்டர் நீளம் அளந்து, கிடக்கும் குப்பையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணுகிறார்கள். தொண்டர்கள் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். கரையில் அதிகம் கிடப்பது எது என்று அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது. 2019-ல் சட்டம் வந்தது. 2021 ஜூலை முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி முதலியவற்றை அங்கே விற்கத் தடை. 100 மீட்டருக்கு 20 பொருளுக்கு மேல் கிடக்கக் கூடாது என்று 2020-ல் வரம்பும் வைத்தார்கள். இந்தக் குப்பைக் கணக்கையும் சேர்த்து வைத்திருப்பது எமோட்நெட்டின் ரசாயனப் பிரிவுதான். குனிந்து பொறுக்கியவன் கை சட்டத்தில் எட்டிற்று. சாமானிய விஷயமா இது?

குறைகளும் இருக்கின்றன. படங்களை யாரும் பார்க்கலாம்; ஆனால் அடியில் உள்ள அளவுகளில் சிலவற்றைச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுத்தான் பெற வேண்டும். உரச் சத்துக்களின் அளவுகள் ஏராளம். விஷங்களின் அளவுகள் அப்படி இல்லை. ஒரு நாடு நீரில் அளக்கிறது, ஒரு நாடு மண்ணில், ஒரு நாடு சிப்பியில், ஒப்பிட முடியவில்லை. கருங்கடலிலோ 2022-ல் போர் மூண்டது. கண்ணிவெடி மிதக்கும் கடலில் குப்பி இறக்கப் போகிறவன் உயிருக்கு யார் ஜவாப்தாரி? போர் மனிதனைக் கொல்வதோடு நிற்பதில்லை, கணக்கையும் கொல்கிறது.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. பொதுப் பணத்தில் எடுத்த அளவு பொதுஜனத்தின் சொத்து. அதற்குப் பூட்டு கூடாது. கழிவு விடுகிற ஒவ்வொரு ஆலையும் தான் விடுவதை அளந்து அதே பொது ஏட்டில் எழுத வேண்டும். படத்தில் வெறுமையாக உள்ள இடத்தைச் சுத்தமான இடம் என்று எவரும் சொல்ல அனுமதிக்கக் கூடாது. அளக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இந்த ஏட்டை எழுதுகிறவர்களின் வேலைக்கு வருஷா வருஷம் பணம் கிடைக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டுப்போன அளவை அடுத்த வருஷம் போய் எடுக்க முடியாது. அந்த நீர் அங்கே இராது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். அவர்கள் அளக்காமல் போட்டார்கள். வேறு கைகள் ஊர் ஊராகக் கப்பல் ஏறி, கரை கரையாகக் குனிந்து அளந்துவிட்டன. கணக்கு இதோ இருக்கிறது. இனிப் போடாதே என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.