சர்வகலாசாலையில் தொழில் முனைவு

நம் நாட்டுச் சர்வகலாசாலைகளில் சில வருஷ காலமாக ஒரு புதுப் பாடம் புகுந்து வருகிறது. அதற்குத் "தொழில் முனைவு" என்று பெயர். பட்டம் வாங்கிய பிள்ளை உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருப்பதை விட்டு, தானே ஒரு தொழிலை ஆரம்பித்து நாலு பேருக்குக் கூலி கொடுப்பவனாக ஆக வேண்டும் என்பது அதன் கருத்து. 1966-இல் ஏற்பட்டு, 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்கி நாகமலைப் பக்கம் நிற்கும் மதுரைச் சர்வகலாசாலை முதற்கொண்டு, ஊர்க் கோடியில் உள்ள சிறு கல்லூரி வரையில் இந்தப் பேச்சு நடக்கிறது. தமிழ்நாட்டு சர்க்காரும் இதற்கென்று 2001-லேயே ஒரு தனி ஸ்தாபனம் வைத்தார்கள். 2022-இல் "நான் முதல்வன்" என்று ஒரு திட்டமும் துவக்கினார்கள்.

இதை நாம் வரவேற்கின்றோம். வரவேற்பதோடு மூன்று கேள்விகளும் கேட்கின்றோம். எப்படிக் கற்பிக்கிறீர்கள்? யாருக்குக் கற்பிக்கிறீர்கள்? கற்றவன் தொழில் துவக்க முதலுக்கு எங்கே போவான்?

முதலில் கற்பிக்கிற முறையைப் பார்ப்போம். வெகு காலமாக நம் கல்லூரிகளில் நடந்து வந்தது என்னவென்றால், தொழில் முனைவோன் யார் என்பதற்கு ஐந்து வெள்ளைக்காரர்கள் சொன்ன வியாக்கியானத்தை மனப்பாடம் பண்ணுவது, அவனுடைய குணங்கள் பத்தை எண்ணி எழுதுவது, மார்க்கு வாங்குவது என்பவைதான். இது தெப்பக்குளத்துப் படிக்கட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து நீச்சலுக்குப் பரீட்சை எழுதச் சொன்ன கதை. எழுதினவனும் நனையவில்லை, திருத்தினவரும் நனையவில்லை. சொல்லிக் கொடுப்பவர் மாதச் சம்பளக்காரர்; ஒரு நாளும் கடன் வாங்கிச் சரக்குப் பிடித்தவர் அல்லர். அவர்மேல் நமக்குக் குறையில்லை. அவரை அந்த வேலைக்கு நிறுத்தினவர்கள்மேல்தான் குறை.

மேல்நாட்டார் இந்தக் கட்டத்தைத் தாண்டி விட்டார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மைல்ஸ் மேஸ் என்பவர் 1947-இல், யுத்தம் முடிந்து திரும்பிய வாலிபர்கள் நிறைந்திருந்த காலத்தில், இந்தப் பாடத்தை முதன்முதல் துவக்கினார். பிறகு பின்லாந்து தேசத்தில் யுவாஸ்கிலா என்ற ஊரில் 1993-இல் ஒரு கல்லூரிப் பகுதியையே வேறு விதமாக மாற்றினார்கள். அங்கே வகுப்புப் பாடம் கிடையாது, வாத்தியார் கிடையாது. துணைக்கு ஒரு பயிற்சியாளர் மாத்திரம் உண்டு. மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து நிஜமான கம்பெனியைப் பதிவு செய்து, நிஜமான சரக்கை நிஜமான ஆளுக்கு விற்க வேண்டும். ஸ்டான்போர்டில் 2011-இல் ஸ்டீவ் பிளாங்க் என்பவர் துவக்கிய வகுப்பில், மாணவன் தன் யோசனையை வாத்தியாரிடம் சொல்லி மெச்சிக்கொள்ளப்படுவது போதாது. வாங்கப் போகிறவர்களைத் தெருத் தெருவாகத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வரவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம் கவனத்துக்கு உரியது சரஸ் சரஸ்வதி என்னும் இந்திய அம்மையார் அமெரிக்காவிலிருந்து 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. தொழிலில் தேர்ந்த 27 பேர் எப்படி யோசிக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். அவர்கள் பெரிய திட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பணம் தேடுகிறவர்களாக இல்லை. "நான் யார்? எனக்கு என்ன தெரியும்? எனக்கு யாரைத் தெரியும்?" என்ற மூன்றிலிருந்து துவக்குகிறார்கள். எவ்வளவு லாபம் வரும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், எவ்வளவு போனால் தாங்க முடியும் என்று கணக்குப் போடுகிறார்கள். இது மிக நல்ல பாடம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த மூன்றாவது கேள்வியை நம் நாட்டில் கேட்டுப் பாருங்கள். எனக்கு யாரைத் தெரியும்? உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு யாரைத் தெரியும்? சேரியிலிருந்து வருகிற பெண்ணுக்கு யாரைத் தெரியும்? வியாபாரக் குடும்பத்துப் பையனுக்கு மாமன் மில்லில் இருப்பார், சித்தப்பா பாங்கியில் இருப்பார், பெண் எடுத்த இடத்தில் மொத்தக் கடை இருக்கும். மற்றவனுக்குத் தெரிந்த பெரிய மனிதர் வட்டிக் கடைக்காரர் ஒருவர்தான். அமெரிக்காவில் "யாரைத் தெரியும்" என்பது அவனவன் சிநேகத்தைப் பொறுத்ததாகப் பெரும்பாலும் இருக்கலாம். இங்கே அது பிறக்கும்போதே எழுதிக் கொடுக்கப்பட்டு விடுகிறது.

இது நம் கற்பனையல்ல. இந்தியாவின் பெரிய கம்பெனிகள் ஆயிரத்தின் டைரக்டர்களை ஜாதி வாரியாக எண்ணிப் பார்த்து 2012-இல் அஜித், டோன்கர், சக்சேனா ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 100-க்குச் சுமார் 93 பேர் "மேல்" ஜாதியார். பிற்பட்டோர் 4-க்கும் கீழே. தாழ்த்தப்பட்டோரும் மலைவாசிகளும் சேர்ந்து 3½. ஜனத்தொகையில் பெரும்பான்மையோராக இருக்கிறவர்கள் நாற்காலியில் எட்டு இடத்துக்கும் குறைவு! இதைச் சொல்லாமல் தொழில் முனைவின் பத்துக் குணங்களை மாத்திரம் சொல்லிக் கொடுத்தால், தோற்றுப்போன பிள்ளை தன்னிடத்தில்தான் ஏதோ குணம் குறைந்துவிட்டதென்று எண்ணிக்கொள்வான்.

வியாபார புத்தி சில ஜாதிக்கு இரத்தத்தில் ஊறியது என்று சொல்லுவாரும் இருக்கிறார்கள். "செட்டி மிடுக்கா, சரக்கு மிடுக்கா" என்பது பழமொழி. சரக்கு மிடுக்கு என்பதற்கு நம்மிடம் சாட்சி இருக்கிறது. 1964-இல் டேவிட் மெக்லெலண்டு என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் நம் பக்கத்து ஆந்திராவில் காக்கிநாடா ஊர் வியாபாரிகளை அழைத்துச் சில நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் அடுத்த வருஷங்களில் பெறாதவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில்களில் இறங்கினார்கள். சொல்லிக் கொடுத்தால் வருகிற சங்கதியை இரத்தத்தில் தேடுவானேன்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரைக்குத் தெற்கே பஸ் ஏறினால் போதும். கோவிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டும், 1899-இல் சிவகாசியில் சூறையாடப்பட்டும் இருந்த நாடார் சமூகத்தார் என்ன செய்தார்கள்? விற்கிற சரக்கின்மீது மகமை என்று ஒரு சிறு தொகை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். அதில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1910-இல் மகாஜன சங்கம் கண்டார்கள். 1921-இல் தூத்துக்குடியில் சொந்தமாகப் பாங்கியே துவக்கினார்கள். அதாவது "யாரைத் தெரியும்" என்ற கேள்விக்கு விடை இல்லாதவர்கள் விடையைத் தாங்களே உண்டாக்கிக் கொண்டார்கள். சிவகாசி பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கண்ணால் பார்த்துக் கையால் கற்று 1923-இல் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே தீப்பெட்டித் தொழில் வெகு காலம் குழந்தைகளின் விரல்களைக் கொண்டு நடந்தது. முதலாளி ஆவதற்குப் பாடம் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். 1953-இல் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் திட்டம் கொண்டுவந்தபோது எதிர்த்தவர்கள் இப்போது தொழிற் பாடத்தை வரவேற்கலாமா என்று சிலர் கேட்கலாம். தாராளமாக வரவேற்கலாம். அந்தத் திட்டம் சிரைக்கிறவன் மகனைச் சிரைக்கச் சொன்னது. அதனால்தான் அது 1954-இல் தொலைந்தது. நாம் கேட்பது, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவளின் மகள் லென்ஸ் தொழிற்சாலை வைக்க வழி என்ன என்பது.

லென்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி வடமலாபுரத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை செய்யக் கற்றவர். சர்க்கார் வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் துவக்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அயல்நாட்டு விலையில் ஏழைக்கு எட்டாமல் இருந்ததால், 1992-இல் அதை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். பணம் உள்ளவர் கொடுக்கும் கட்டணத்தில் இல்லாதவருக்கும் வைத்தியம் நடக்கும் அந்தக் கணக்கை 1993-இல் ஹார்வர்டில் பாடமாக எழுதினார்கள். அவர் பக்தர் என்பது அவர் சொந்த விஷயம். லென்ஸ் செய்யத் தொழிற்சாலைதான் கட்டினார். ஹார்வர்டு மாணவன் மதுரைக் கணக்கைப் படிக்கிறான். மதுரை மாணவன் ஹார்வர்டு வியாக்கியானத்தை எழுதி மார்க்கு வாங்குகிறான்!

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் ஒரு வகுப்பை அழைத்துப் போகட்டும். மல்லிகை கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடந்தது, முகூர்த்த நாள் வந்ததும் ஆயிரக்கணக்கில் ஏறுவதைப் பார்க்கட்டும். ஏறின பணத்தில் பறித்தவளுக்கு எவ்வளவு, கமிஷன் கடைக்கு எவ்வளவு, தொடுத்தவளுக்கு எவ்வளவு என்று கணக்கெடுக்கட்டும். விலை விழுந்த நாளில் வாசனைத் திரவியத் தொழிற்சாலை எவ்வளவுக்கு வாங்குகிறது என்று கேட்கட்டும். பஞ்சாங்கம் எப்படி மார்க்கெட்டை ஆட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

பஞ்சாங்கத்தின் கூத்து அங்கே மாத்திரமல்ல. நிர்வாகப் படிப்பில் பட்டம் பெற்றவர் கடை திறக்க இராகுகாலம் பார்க்கிறார். கடை நொடித்தால் சனியன் பிடித்தது என்கிறார். கொள்முதல் விலையா, இடமா, கடன் வட்டியா, எது கவிழ்த்தது என்று கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அடுத்த கடையும் அதே ஓட்டையில் முழுகுகிறது.

முதல் விஷயத்துக்கு வருவோம். படித்த முதல் தலைமுறையாருக்கென்று சர்க்கார் கொண்டுவந்த திட்டத்தில் மூலதனத்தில் 100-க்கு 25 மானியம். தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் 2023-இல் அம்பேத்கர் பெயரால் வந்த திட்டத்தில் 100-க்கு 35 மானியமும் வட்டியில் தள்ளுபடியும் உண்டு என்று வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் மானியம் ஒரு பங்கு. மீதிக்குப் பாங்கி மானேஜர் மனமிரங்க வேண்டும். மானேஜர் முன்னால் உட்கார்ந்து பேசுவது எப்படி, அவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்பது எப்படி, யாரிடம் அப்பீல் செய்வது என்பவற்றைச் சொல்லிக் கொடுக்கிற பாடம் எங்கே?

ஆகவே மதுரை வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு நாம் சொல்லுவது இது. இந்தப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையை எடுத்துவிடுங்கள். பூக் கமிஷன் கடைக்காரரையும், பட்டறைக்காரரையும், சேலை முடிச்சுக்காரியையும் கூலி கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் வியாபார வீட்டுப் பிள்ளையோடு, யாரையும் தெரியாத பிள்ளைகள் இருவரைச் சேர்த்து, தொழிலும் கணக்கும் மூவர் பேரிலும் சமமாக இருக்கும்படி செய்யுங்கள். போனால் தாங்கக்கூடிய சிறு முதலைக் கல்லூரியே கொடுக்கட்டும். வருஷ முடிவில் எந்தெந்தத் தொழில் நொடித்தது, எவ்வளவு போயிற்று, எதனால் போயிற்று என்று பட்டமளிப்புப் பட்டியலோடு அச்சிட்டு வெளியிடுங்கள். முதல் வருஷத்துக் கணக்கு வந்ததும் அதை இந்தப் பத்திரிகையில் முழுதும் போட நாம் தயாராயிருக்கிறோம்.